கவுண்டர் கண்ணாடி

மூடிப்போன மணி எக்ஸ்சேஞ்சின் பின்சந்தில்
குப்பைத் தொட்டிக்கும் பழைய ஏசிக்கும் நடுவே
சாய்ந்து கிடந்தது அது.
கொரோனா காலத்து அக்ரிலிக் தட்டி.
கீழ்விளிம்புக்குச் சற்று மேலே
பணம் நீட்ட ஒரு நீளத் துளை.
மூலையில் பாதி உரிந்த ஸ்டிக்கர்:
ஒரு மீட்டர் தள்ளி நிற்கவும்.

சித்ரா பாலத்தில் நான்கு வருடமாக
நான் காற்றிடம் சொல்ல நினைத்ததும் இதுதான்.

ஷமால் அடிக்கும் நாளில்
கடன் கொடுத்தவன் மாதிரி
சட்டையைக் கொத்தாகப் பிடிக்கும்.
பின்னால் டெலிவரிப் பெட்டி வேறு
நின்று பேசிவிட்டுப் போ என்று இழுக்கும்.
இரவு படுத்த பிறகும்
காதுக்குள் பாலம் ஓடிக்கொண்டிருக்கும்;
கழுத்தைத் திருப்ப வேண்டுமானால்
உடம்பையே திருப்ப வேண்டும்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது.
பதினெட்டு தினார்.
அதற்கு எத்தனை பாலம் தாண்ட வேண்டும் என்று
கணக்குப் போட்டேன்.
காற்றே தேவலை.

மொக்லேஸ் தட்டியை விரலால் சுண்டிப் பார்த்தான்
தர்பூசணி வாங்குகிறவன் போல.
"லிகோரி பாய், இது நல்ல சரக்கு."
அறுத்தான். விளிம்பை உப்புத்தாளால் மழித்தான்.
டிரில்லை வேகமாக விட்டால் விரியும்,
ஒரே இடத்தில் நிறுத்தினால் உருகும்.
இரண்டுக்கும் நடுவில் உள்ள வேகம்
அவன் மணிக்கட்டுக்கு மட்டும் தெரியும்.
நான் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன்.
பழைய டியூபில் வெட்டிய வாஷர்கள்,
ஹேண்டில்பாரில் இரண்டு கிளாம்பு, நான்கு போல்ட்.
ரொம்ப இறுக்காதே என்றான்,
அது கொஞ்சம் அசையட்டும்.

துளை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.
சில்லறைக் கடை மாதிரி இருக்கிறதே.
நான்தான் டேப் ஒட்டினேன்,
இரண்டு அடுக்கு.

முதல் இரவு
நெஞ்சை விட்டுவிட்டுத்
தலையைப் பிடித்துக்கொண்டது காற்று.
தட்டியின் உச்சியில் ஏறிக் குதித்து
ஹெல்மெட்டில் இரண்டு பக்கமும் மாறி மாறி
பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டுவது போல் தட்டியது.
சிக்னல் பச்சையா சிவப்பா என்பதே ஆடியது.

பின்னால் சாய்த்தோம். தோளுக்கு வந்தது.
முன்னால் சாய்த்தோம்.
தாடைக்கடியில் நுழைந்து
ஹெல்மெட்டைத் தூக்கப் பார்த்தது.
"நிறுத்த முடியாது பாய்,
வேற அட்ரஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான்."
மூன்று இரவு மூன்று அட்ரஸ் கொடுத்தோம்.
ஒன்றிலும் அது இறங்கவில்லை.

நான்காம் இரவு, ஜுஃபைரில் எடுத்த ஆர்டர்:
இரண்டு ஷவர்மா, ஒரு பருப்பு சூப்.
பாலத்தின் பாதியில்
டேப்பின் ஒரு முனை துடிக்க ஆரம்பித்தது.
கை எடுத்து அழுத்தவா முடியும்.
பிய்ந்து வந்து முழங்காலில் ஒரு அறை,
அப்படியே கடலுக்குப் போய்விட்டது.

பிறகு
ஒன்றுமில்லை.

ஹெல்மெட்டை யாரோ கீழே வைத்துவிட்டார்கள்.
துளை வழியாகக் காற்று வந்தது,
நோட்டு நீட்டும் அகலத்துக்கு,
வயிற்றருகே, வரிசையில் நிற்பவனின் பணிவோடு.
தட்டிக்குப் பின்னால் கிடந்த வெற்றிடத்தில்
போய் உட்கார்ந்துகொண்டது.
மேலே போனது மேலேயே போனது.
எண்பதில் இருக்கிறேன் என்று
மீட்டரைப் பார்த்துத்தான் நம்பினேன்.

அப்போதுதான் கேட்டது
பின்பெட்டியின் கீல்.
கிறீச்.
ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கிறீச்.
அதற்கடியில் செயினின் உலர்ந்த அரைப்பு.
அதற்கும் அடியில்
மூடி சரியாக மூடாத சூப்
தளக், தளக் என்று
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மொக்லேஸ் சிரித்தான்.
டேப் ரோலை எடுத்து
மேல் தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் வைத்தான்.
"இனி உன் வண்டியோட கோளாறு எல்லாம்
ஒவ்வொன்றாக் கேட்கும்.
அதுக்குத் தனிக் காசு."